லைடாரில் கமாஞ்சி முகாம் தெரியுமா? ஒரு வட்டம் கிடைத்திருக்கிறது

#1 தரைப்புள்ளி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை சென்னையில். லைடார் புள்ளிகளை வகை பிரிக்கிற வேலை. விமானத்திலிருந்து லேசர் அடித்து எடுத்த கோடிக்கணக்கான புள்ளிகள் டைல் டைலாக, அதாவது சதுரத் துண்டுகளாக வரும். எது தரை, எது மரம், எது பாலம் என்று பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று வருஷமாக டெக்சஸ், நியூ மெக்சிகோ, கொலராடோ புல்வெளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயைக்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது கிடையாது.

அந்தப் புல்வெளியில் குதிரையிலேயே வாழ்ந்த கமாஞ்சிப் பழங்குடியினரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வேலை சலிப்புத் தட்டவில்லை. அலுவலக டேட்டாவைத் தொடக்கூடாது என்பதால், அமெரிக்க அரசு பொதுவில் விடுகிற, 1 மீட்டர் கட்டத்துக்கு ஒரு உயரம் தருகிற தரை மாதிரியை இறக்கி வீட்டில் நோண்டுகிறேன். நேற்று ராத்திரி ஒரு ஓடைக்கு மேலே, சமதளத்தில், 7 மீட்டர் விட்டத்தில் மெல்லிய விளிம்போடு ஒரு வட்டம். சுத்தமான வட்டம். டிப்பி, அதாவது தோல் போர்த்திய கூம்புக் கூடாரம் அடித்த இடமாக இருக்குமா? இப்படி வரைபடத்தை வைத்தே முகாம்களைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

#2 பழையசோறு

மாட்டுத் தொட்டி. அடுத்த கேள்வி?

#3 மொட்டைமாடி மணி

சோறு, பையன் ஆசையாகக் கேட்கிறான், வந்ததும் வராததுமாகக் கவிழ்க்காதே. தம்பி, ஓடை மேட்டில் இருக்கிறது என்பது நல்ல அறிகுறிதான். படம் போடு.

#4 குதிரைவாலி

படம் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறு தம்பி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் நியூ மெக்சிகோவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். தொல்லியல் என் தொழில் இல்லை, வார இறுதியில் கணக்கெடுப்புக் குழுக்களோடு தன்னார்வலராக நடப்பேன். டிப்பி வட்டம் என்பது கூடாரத் தோலின் ஓரம் காற்றில் தூக்காமல் இருக்கச் சுற்றிவைத்த கற்கள். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும்போது கல்லை உருட்டிவிட்டுப் போவார்கள், வட்டம் அப்படியே கிடக்கும். தேங்காய் அளவு, மிஞ்சினால் பூசணிக்காய் அளவு. பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். நேரில் நிற்கும்போதே சில சமயம் வட்டத்துக்குள் நிற்கிறோம் என்று தெரியாது. கூட வந்தவர் "அப்படியே நில்லுங்கள், காலை எடுக்காதீர்கள்" என்றார், அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

இப்போது உன் டேட்டாவை யோசி. அந்தப் பொது லைடாரின் வழக்கமான தரம் ஒரு சதுர மீட்டருக்கு 2 லேசர் துடிப்பு. உயரத்தில் 10 சென்டிமீட்டர் அளவு பிழைக்கு அனுமதி உண்டு. மண்ணுக்கு மேலே 8 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும் கல், 1 மீட்டர் கட்டத்தில் எப்படித் தெரியும்? உனக்கு விளிம்பு தெரிகிறது என்றாலே அது கல் வட்டத்தைவிடப் பெரிய சமாசாரம். சோறு சொன்னதை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதே.

#5 பழையசோறு

நன்றி அக்கா. இதை அச்செடுத்து மாட்டப்போகிறேன்.

#6 தரைப்புள்ளி

அப்படியென்றால் லைடார் இந்த விஷயத்துக்கே உதவாதா? மாயா நகரங்களைக் காட்டுக்கடியில் கண்டுபிடித்ததெல்லாம் இதை வைத்துத்தானே.

#7 செம்மண்

மாயாக்காரர்கள் கோயில் கட்டினார்கள், சாலை போட்டார்கள். இவர்கள் வீட்டையே தூக்கிக் குதிரைமேல் கட்டிக்கொண்டு போனவர்கள். வித்தியாசம் அங்கேதான்.

நான் தமிழ்நாட்டில் மேற்பரப்பாய்வு செய்பவன். இங்கே கல்வட்டம் என்றால் ஈமச்சின்னம், செத்தவருக்கு வைத்தது, நிலைத்து நிற்கவேண்டும் என்றே பெரிய கல்லாகப் பார்த்து நட்டார்கள். அங்கே உயிரோடு இருந்தவர் தூங்கி எழுந்த வீட்டின் ஓரக்கல். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிப்பி வட்டம் கிடைத்தாலும் அது குதிரைக்காரர் வட்டம் என்று சொல்லிவிட முடியாது. குதிரை வருவதற்கு முன்னால் அதே மக்களின் முன்னோர் நாயைக் கட்டி இழுத்தார்கள். இரண்டு கழியைக் கூம்பாகக் கட்டி, பின்பக்கம் தரையில் உரச இழுத்துப்போகும் டிராவாய். நாயால் முப்பது கிலோ இழுப்பதே பெரிது. குதிரை அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் கழி நீண்டது, தோல் கூடியது, கூடாரம் பெரிதானது. பெரிய வட்டம் என்றால் குதிரைக்காலம் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு, ஆனால் அதை நம்பித் தேதி எழுத முடியாது.

அதோடு, குதிரை வந்த கொஞ்ச காலத்தில் வியாபாரிகளிடமிருந்து இரும்புக் கோடாலியும் வந்தது. கோடாலி இருந்தால் மரமுளை சீவுவது சுலபம். முளையடித்துக் கூடாரம் கட்ட ஆரம்பித்த பிறகு கல்லுக்குத் தேவை குறைந்துவிட்டது. ஆகவே வட்டங்களில் பெரும்பாலானவை குதிரைக்கு முந்தியவை, சில ஆயிரக்கணக்கான வருஷம் பழையவை. நீங்கள் தேடுகிற ஆட்கள் கல்லே விட்டுவைக்காமல் போனவர்களாக இருக்கலாம்.

#8 தரைப்புள்ளி

இது எனக்குத் தெரியாது. குதிரை எப்போதுதான் வந்தது?

#9 குதிரைவாலி

அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய பழைய குதிரையினம் பனியுகம் முடிந்த கையோடு அங்கேயே அழிந்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். 1598இல் ஸ்பானியத் தளபதி ஒன்யாத்தே மந்தையோடு நியூ மெக்சிகோவுக்கு வந்தார். 1680இல் அங்கிருந்த புவெப்லோ பழங்குடி மக்கள் கிளர்ச்சி செய்து ஸ்பானியரைத் துரத்தியபோதுதான் குதிரைகள் வடக்கே பரவின என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருந்தது. 2023இல் தொல்லியலாளர் வில்லியம் டெய்லர் குழு அதைப் புரட்டிப்போட்டது. அந்தக் கட்டுரையில் லகோட்டா, கமாஞ்சி, பானி இனங்களின் ஆய்வாளர்களும் ஆசிரியர்கள். எலும்புகளின் கார்பன் தேதி, மரபணு, பல்லில் கடிவாளம் உரசிய தடம் எல்லாம் பார்த்து, 1600களின் முதல் பாதியிலேயே வயோமிங், கான்சஸ் வரை குதிரை போய்விட்டது என்றார்கள். வயோமிங்கில் கிடைத்தது ஒரு குட்டி.

எங்களிடம் குதிரை முன்பே இருந்தது என்று பல இனத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை.

#10 மொட்டைமாடி மணி

சரி, லைடார் போகட்டும். டிரோன் இருக்கிறதே? அறுபது எழுபது மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு பிக்சல் 2 சென்டிமீட்டர். தேங்காய் அளவு கல் பத்துப் பிக்சல் வரும். ஒன்றோடொன்று மேலேறும் படங்களைத் தைத்து முப்பரிமாண மாதிரி செய்தால் வட்டம் பளிச்சென்று விழும். நான் எங்கள் ஊர்ப் பாறைக்குளத்தை அப்படித்தான் எடுத்தேன்.

முக்கியம் நேரம். உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. விடியற்காலை, வெயில் படுத்துக்கொண்டு வரும்போது கல்லுக்குக் கல் நிழல் நீளும். புல் காய்ந்திருக்க வேண்டும். வெப்பக் கேமரா என்றால் சூரியன் விழுந்த பிறகு. மண்ணைவிடக் கல் சூட்டை அதிக நேரம் வைத்திருக்கும்.

#11 செம்மண்

எல்லாம் சரி மணி. எந்த இடத்தில் பறப்பீர்கள்? கமாஞ்சிகள் திரிந்த பரப்பு தமிழ்நாட்டைப்போலப் பல மடங்கு. அதில் டெக்சஸ் பக்கம் பெரும்பாலும் தனியார் பண்ணை, வேலிக்குள்ளே போகவே அனுமதி வேண்டும். எங்கே பறப்பது என்பதற்குத்தான் ஜிஐஎஸ், வரைபடங்களை அடுக்கிக் கணக்குப் போடுகிற மென்பொருள்.

#12 தரைப்புள்ளி

அதைத்தான் நேற்றும் இன்றும் முயன்றேன். சரிவு, தண்ணீர் தூரம், தெற்குப் பார்த்த மேடு, இதெல்லாம் போட்டு மதிப்பெண் வரைபடம். அப்புறம் முகாமிலிருந்து முகாமுக்குச் செலவு, அதாவது நேரமும் உழைப்பும், குறைந்த பாதை. டோப்ளரின் நடைச் சூத்திரத்தைப் போட்டேன், எல்லோரும் போடுகிறார்கள் என்பதால். பாதைகள் ஒழுங்காகவே வந்தன. ஆனால் எல்லாம் இன்றைய நெடுஞ்சாலைமேலேயே ஓடுகின்றன. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

#13 குதிரைவாலி

சந்தேகம் நியாயம்தான். டோப்ளர் 1993இல் கொடுத்தது மனிதன் நடக்கிற வேகம். லேசான இறக்கத்தில் அதிகபட்சம் மணிக்கு 6 கிலோமீட்டர். குதிரைக்கு 1.25ஆல் பெருக்கிக்கொள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சவாரிக்காரனுக்கு அது பரவாயில்லை. கிழவி, குழந்தை, டிராவாய், நூற்றுக்கணக்கான உதிரிக் குதிரைகள் சேர்ந்து நகர்கிற ஒரு கூட்டத்துக்கு அது பொருந்தாது. அவர்களுக்குச் செலவு சரிவில் இல்லை, புல்லில்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு குதிரை தன் எடையில் சுமார் 2 சதவீதம் காய்ந்த புல் தின்னும். அந்தச் சின்ன ரகக் குதிரைக்கு நாளைக்கு ஏழெட்டுக் கிலோ. ஆயிரம் குதிரை உள்ள கூட்டம் என்றால் தினமும் ஏழெட்டு டன். கூட்டம் எங்கே, எத்தனை நாள் தங்குவது என்று முடிவு செய்வது குதிரையின் வயிறு. அதனால் தங்கல் குறுகியது, குப்பை குறைவு, தடம் மெல்லியது. முகாமும் ஒரு புள்ளி கிடையாது. ஆற்றோரமாக நீண்டு கிடக்கும் ஒரு கோடு. குளிர்காலத்தில் காட்டன்வுட் மரம் உள்ள பள்ளத்தாக்கு, காரணம் புல் பனியில் மூடினால் அந்த மரப்பட்டையை உரித்துக் குதிரைக்குப் போடுவார்கள். நீ புள்ளி தேடுகிறாய், அதுதான் கோளாறு.

இந்தக் கணக்கை அந்தப் புல்வெளிக் குதிரைக்காரர்களே வரைந்து வைத்திருக்கிறார்கள், தெரியுமா? 1801இல் அக்கோமொக்கி என்ற பிளாக்ஃபுட் இனத் தலைவர், ஹட்சன்ஸ் பே என்ற தோல் வியாபாரக் கம்பெனியின் அளவையாளர் பீட்டர் ஃபிட்லருக்கு ஒரு வரைபடம் வரைந்து கொடுத்தார். ராக்கி மலை நீளமாக ஒரு பக்கம், அதிலிருந்து கிளைகிளையாக மிசௌரியின் ஆறுகள். தூரத்துக்கு மைல் கிடையாது, இத்தனை நாள் பயணம் என்றுதான். எந்த இனம் எங்கே, எத்தனை கூடாரம் என்பதும் உண்டு. லண்டனில் வரைபடக்காரர் ஆரோஸ்மித் அதைத் தன் 1802 வரைபடத்தில் சேர்த்தார், அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் கிளம்பினார்கள். ஐரோப்பிய வரைபடங்களைப் பொருத்துகிற மாதிரி இதை மூலைக்கு மூலை இழுத்து ஜிஐஎஸ்ஸில் ஒட்டினால் கந்தலாகிவிடும். ஆனால் நாள் தூரம் என்று படித்தால் நீ கணினியில் போட முயல்கிற அதே செலவுப் பரப்பு. இருநூறு வருஷத்துக்கு முன்பே, குதிரைமேல் உட்கார்ந்தவர் போட்டது.

பிளாக்ஃபுட் மொழியில் குதிரைக்குப் பெயர் 'எல்க்-நாய்' என்று பொருள்படும். எல்க் மான் அளவு, நாய் செய்த வேலை. 1730 வாக்கில்தான் ஷோஷோனி இனத்தாரிடம் அதை முதலில் பார்த்தார்கள். எழுபது வருஷத்தில் இந்த வரைபடம்.

#14 பழையசோறு

வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். சரி, கேலி இல்லாமல் கேட்கிறேன். இந்த முறையில் யாராவது எதையாவது உண்மையில் கண்டுபிடித்திருக்கிறார்களா? முடியாது முடியாது என்றே நாலு பேரும் எழுதுகிறீர்கள்.

#15 செம்மண்

கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய விஷயம் என்றால் வானத்திலிருந்தே. சைபீரியாவில் துவா குடியரசின் உயுக் பள்ளத்தாக்கில் துன்னுக் என்ற சித்தியர் அரசமேடு. சுவிஸ் ஆய்வாளர் ஜினோ காஸ்பாரி 2017இல் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து அதன் முக்கியத்துவத்தைக் கண்டார். கி.மு. 9ஆம் நூற்றாண்டு, விட்டம் சுமார் 140 மீட்டர். அவர்களும் குதிரைக்காரர்கள்தான், ஆனால் செத்த ராஜாவுக்கு மலையளவு கல் குவித்தார்கள். கமாஞ்சிகள் அப்படிச் செய்யவில்லையே.

வட டகோட்டாவில் பீஸ்டர்ஃபெல்ட் என்று ஒரு இடமும் உண்டு. ஷையேன் மக்கள் மண்வீடு கட்டி, சுற்றி அகழி வெட்டி, சோளம் போட்டுக்கொண்டு, குதிரையும் வைத்திருந்த 1700களின் ஊர். வீட்டுப் பள்ளங்கள், அகழி, இதெல்லாம் லைடாருக்கு ஏற்ற தீனி. அந்த ஊரை விட்டு முழுக்கக் குதிரையேறிய பிறகுதான் அவர்கள் நம் கண்ணிலிருந்து நழுவுகிறார்கள்.

கமாஞ்சி காலத்துக்கு உலோகம்தான் கைகொடுக்கும். 1998இலிருந்து டெக்சஸ் வரலாற்று ஆணையம் அமெரிக்க ராணுவம் கமாஞ்சி முதலான இனத்தாரோடு மோதிய 1874-75 ரெட் ரிவர் போரின் களங்களைத் தேடியது. ராணுவக் குறிப்புகள், பழைய படங்களை வைத்து இடத்தைக் குறுக்கி, மெட்டல் டிடெக்டர் பிடித்து வரிசையாக நடந்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஜிபிஎஸ். பீப்பாய் வளையத்தை வெட்டிச் செய்த இரும்பு அம்புமுனைகூட அங்கே ஒரு சாட்சி. எது எந்தப் பக்கத்திலிருந்து எங்கே பறந்தது என்று வரைபடத்தில் ஏற்றியபோது சண்டை எழுந்து உட்கார்ந்தது.

அதற்கும் முன்னோடி லிட்டில் பிக்ஹார்ன், 1876இல் கஸ்டரின் அமெரிக்கக் குதிரைப்படை லகோட்டா, ஷையேன்களிடம் தோற்ற களம். 1983 ஆகஸ்டில் புல் தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது. மறு வருஷம் டக்ளஸ் ஸ்காட் குழு டிடெக்டரோடு இறங்கியது. தோட்டாக் கூட்டில் துப்பாக்கி ஊசி பதித்த தடத்தைப் பார்த்து, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கோடு போட்டார்கள். கஸ்டரின் ஆட்கள் கடைசிவரை வரிசை குலையாமல் நின்றார்கள் என்பது ஓவியத்தில் சரி. கூடுகள் கிடந்த விதம் வேறு கதை சொன்னது. லகோட்டாக்களும் ஷையேன்களும் சொல்லிவந்த கதைக்கு அது நெருக்கம்.

#16 மொட்டைமாடி மணி

அப்படியானால் நான் ஒரு யோசனை சொல்கிறேன். நாம் நாலைந்து பேர் பொது டேட்டாவை ஆளுக்கு ஒரு பகுதி எடுத்துக்கொண்டு, சந்தேகப்படும் இடங்களை ஒரு பொது வரைபடத்தில் குத்திவைத்தால் என்ன? அங்கிருப்பவர்கள் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

#17 செம்மண்

தயவுசெய்து வேண்டாம். யார் போய்ப் பார்ப்பார்கள் தெரியுமா? டிடெக்டரும் மண்வெட்டியும் வைத்திருப்பவன்தான் முதலில் போவான்.

ஒரு முறை நான் வேலை செய்த குழுவில் ஒருவர் ஆர்வக்கோளாறில் இருப்பிடம் தெரிகிற படத்தை வலையில் போட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்துப் போனோம். மூடிக்கல் புரண்டு கிடந்தது. பானை ஓடு அள்ளி வெளியே கொட்டியிருந்தது. நாங்கள் அகழ அனுமதிக்குக் காத்திருந்த இடம். இன்னும் எரிகிறது எனக்கு.

#18 மொட்டைமாடி மணி

கோபம் புரிகிறது. ஆனால் பொதுப்பணத்தில் எடுத்த டேட்டா எல்லோர் கையிலும் இருக்கிறது. நாம் குத்தாவிட்டால் இன்னொருவன் குத்துவான். பூட்டிவைத்தால் அறிவு எப்படி வளரும்?

#19 குதிரைவாலி

இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன் மணி. டேட்டா பொது. ஆனால் "இது கமாஞ்சி முகாம்" என்று நீ எழுதுகிற அந்த ஒரு வரி டேட்டாவில் கிடையாது. கொள்ளைக்காரனுக்கு வேண்டியது அந்த வரிதான். அங்கே 1966 தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 304ஆம் பிரிவே, சேதம் வரும் என்றால் இடத்தை வெளியில் சொல்லாமல் மறைக்க வழி செய்கிறது. இனங்களுக்குச் சொந்தமாகத் தொல்மரபு அலுவலர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எழுதலாம். சில இடங்களை யாரும் தேடவே வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதோடு விட வேண்டியதுதான்.

இன்னொன்று. நான் பார்த்ததிலேயே என்னை உலுக்கிய கமாஞ்சி இடம் எந்த வரைபடத்திலும் தெரியாது. நியூ மெக்சிகோவில் தாவோஸ் ஊருக்கு மேற்கே ரியோ கிராந்தே ஆறு அறுத்த பெரிய பள்ளம், கன்னங்கரிய எரிமலைப் பாறைகள். பார்னர்ட் கல்லூரியின் தொல்லியலாளர் செவரின் ஃபோல்ஸ் அங்கே பல வருஷம் நடந்திருக்கிறார். கமாஞ்சி நேஷன் என்கிற அந்த இனத்தின் சொந்த அரசமைப்பைச் சேர்ந்த ஜிம்மி ஆர்ட்டர்பெரி அவரோடு சேர்ந்து எழுதியவர். பாறைமேல் கூர்மையான எதனாலோ கீறிய கோடுகள், மயிரிழை அளவு. வெயில் சாய்ந்து விழுந்தால் மட்டும் குதிரை தெரியும், ஈட்டி தெரியும், கூடாரம் தெரியும். பக்கத்திலேயே கூடாரம் போட்ட தடமும் இருக்கிறது. மதியம் போனால் வெறும் பாறை. கோட்டின்மேல் கோடாக ஏன் இவ்வளவு என்றால், படம் வைப்பதற்காகக் கீறவில்லை, சண்டையைக் கையசைத்துச் சொல்லும்போது கை பாறையில் ஓடியது என்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. அங்கே நின்றால் கை தானாக அசையும்.

#20 பழையசோறு

மணி, தோல்வியை ஒப்புக்கொள்.

#21 மொட்டைமாடி மணி

பாதி ஒப்புக்கொள்கிறேன். பொது வரைபடம் வேண்டாம். டிரோன் இன்னும் நல்லதுதான்.

#22 தரைப்புள்ளி

இரண்டு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

வேளாண்மைத் துறை எடுத்த பழைய விமானப் படங்களை வருஷம் வருஷமாக இறக்கி அதே இடத்தில் பொருத்தினேன். புதுப் படத்தில் வெறும் புல். அதற்கு முந்தியதில் ஏதோ வெளிர் வட்டம். இன்னும் பின்னால் போனால் வட்டத்துக்குள் கருநீலமாகத் தண்ணீர், நாலா பக்கத்திலிருந்தும் மாட்டுத்தடம் நட்சத்திரம் மாதிரி வந்து சேர்கிறது. பக்கத்தில் காற்றாலையின் நிழல்கூட விழுந்திருக்கிறது. விளிம்பு என்பது தொட்டியைச் சுற்றி மாடு மிதித்து உயர்ந்த மண்.

சோறு அண்ணே, சரணம்.

#23 பழையசோறு

தொட்டிக்கு என் பெயர் வைக்கவும்.

#24 தரைப்புள்ளி

வைத்தாயிற்று, லேயரின் பெயரே பழையசோறு.

டோப்ளரைக் கழற்றிவிட்டேன். சரிவுக்குக் குறைந்த எடை, புல்லுக்கும் தண்ணீருக்கும் காட்டன்வுட்டுக்கும் அதிக எடை கொடுத்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை பாதைகள் நெடுஞ்சாலையைவிட்டு விலகி ஆற்று வளைவுகளோடு போகின்றன. ஒரு வளைவில் நாலு கிலோமீட்டருக்கு நீளமாக, குளிர்காற்று படாத மேடு ஒன்று வருகிறது. வட்டம் எதுவும் தெரியவில்லை. இந்த டேட்டாவில் தெரியவும் தெரியாது என்று இப்போது புரிகிறது.

குதிரைவாலி அக்கா, அந்த அலுவலருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். டைல் எண்ணை யாரும் கேட்காதீர்கள்.